ஆத்திரத்துக்கு இரண்டாவது சாட்சி

மதிப்புக்கும் ஓரளவு அச்சத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன், நம்புவது தங்கள் பாடு. தங்கள் வலது முழங்கால் எப்படி இருக்கிறது? ஓட்டுநர் பள்ளி வண்டிகள் இரண்டும் சௌக்கியமா? போன தடவை வந்திருந்தபோது பழைய வண்டியின் கிளட்ச் இருமிக்கொண்டிருந்ததே, இப்போது தேவலையா? ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிற அந்தப் பேங்க் அம்மாளுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டதா? வாசல் பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த பூனை குட்டி போட்டதா? எல்லாரையும் நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். போனை எடுத்ததும், "வண்டி ஓட்டுறப்ப பேசுறதில்ல மாப்ள" என்று வைத்துவிடுகிறீர்கள். சாப்பாட்டு வேளையாகப் பார்த்துக் கூப்பிட்டாலும் அதே பதில்தான். பின்னால் தட்டில் கரண்டி உரசுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் பட்டுவிடும் என்கிற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

விஷயம் முழுக்க முழுக்க அலுவலகம் சம்பந்தப்பட்டது. குடும்ப விவகாரம் எதையும் இதில் நான் கலக்கப்போவதில்லை. நான் அகராதி அலுவலகத்தில் வேலை பார்ப்பது தங்களுக்குத் தெரியும். "அகராதிதான் ஏற்கெனவே இருக்கே, அதை எதுக்கு மறுபடி எழுதுறீங்க?" என்று எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே தாங்கள் கேட்டீர்கள். இப்போது நாங்கள் செய்வது பேச்சு வழக்கு அகராதி. அதில் ஒரு சட்டம் உண்டு. எந்தச் சொல்லுக்கும் எந்தப் பொருளையும் சும்மா எழுதிவிடக்கூடாது. உயிரோடிருக்கும் ஒருவர் வாயால் சொல்லி, அதை நாங்கள் காதால் கேட்டு, கேட்ட இடத்திலேயே அட்டையில் எழுத வேண்டும். சொன்னவர் யார், என்ன சூழலில் சொன்னார் என்றும் குறிக்க வேண்டும். அப்படி இரண்டு வெவ்வேறு வாயிலிருந்து கேட்டால்தான் அந்தப் பொருள் அச்சேறும். ஒரே ஒரு வாய் சொன்னால் ஏறாது. "ஒருத்தர் மட்டும் சொன்னா அது அவரோட சொந்தக் கஷ்டம். ரெண்டு பேர் சொன்னாத்தான் மொழி" என்பார் எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் அம்மா. அவரை நாங்கள் முதுகுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி அம்மா என்போம். அவர் பேசினால் அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை.

போன மாதம் கோபம் சம்பந்தப்பட்ட சொற்கள் என் மேஜைக்கு வந்தன. "உங்களுக்குத்தான் கோபமே வராதே, ஒரு சார்பும் இல்லாம எழுதுவீங்க" என்று அம்மாவே கொடுத்தார். பெருமையாகத்தான் இருந்தது. கோபம், சினம், சீற்றம், கடுப்பு எல்லாம் சீக்கிரமே முடிந்தன. கடுப்பு என்றால் முதலில் வலிதானாம். வயிற்றுக் கடுப்பு என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா. வெகுளி கொஞ்சம் படுத்தியது. பழைய நூல்களில் அது பெருங்கோபம், இன்றைக்குக் கோபமே தெரியாத அப்பாவி. தங்கள் தாயார் என்னை முதன்முதலில் பார்த்தபோது "பையன் வெகுளி" என்றார்கள். பழைய பொருளில் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. கடைசியாக ஆத்திரம் வந்தது. மச்சான், நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

முதல் பொருள், அவசரம். "ஆத்திர அவசரத்துக்கு ஒரு ஆள் கிடைக்காது" என்று பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார், எழுதினேன். இரண்டாவது பொருள், துடிப்பு. எங்கள் அலுவலகக் காவலாளி, "ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது சார்" என்றார். சூழல் என்கிற கட்டத்தில் 'ஓடிக்கொண்டே' என்று எழுதினேன். கோபம் என்கிற பொருளுக்கு வங்கி வரிசைக்குப் போனேன். யாரோ குறுக்கே புகுந்தார், இன்னொருவர் சட்டையைப் பிடித்தார். நல்ல அறுவடை என்று நான் அட்டையோடு இருவருக்கும் நடுவே காதைக் கொண்டுபோனேன். சண்டை போட்டவர்கள் அந்த நிமிஷமே சமாதானமாகி, இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைப் பிடித்தார்கள். "என்னய்யா எழுதுறே? யாருய்யா நீ? ஆத்திரத்தைக் கிளப்பாதே!" என்றார் ஒருவர். நான் நன்றி சொன்னேன். அதற்குத்தான் மச்சான், முதல் அடி விழுந்தது.

ஆக, ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது வாயும் கிடைத்து மூன்று பொருள் தேறிவிட்டன: அவசரம், துடிப்பு, கோபம். ஆனால் கோபத்துக்குக் கோபம் என்றே ஒரு சொல் இருக்கும்போது ஆத்திரம் எதற்கு? சொற்களின் வேரைத் தேடுகிறவர்கள் ஒன்று சொல்கிறார்கள், அடித்துச் சொல்வதில்லை, இருக்கலாம் என்கிறார்கள். ஆதுரம் என்று ஒரு வடசொல். அதற்கு நோய், வேதனை, தவிப்பு என்று பொருள். ஆதுரர் என்றால் நோயாளி. அந்தச் சொல்தான் தேய்ந்து திரிந்து ஆத்திரம் ஆனது என்கிறார்கள். இதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். இவ்வளவு சத்தம் போடுகிற ஒரு சொல், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தா எழுந்து வந்தது?

இங்கே எங்கள் வீட்டுக் கூரையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவும் அலுவலக விஷயம்தான், பொறுத்துக்கொள்ளவும். எங்களுக்கு மேல் வீட்டில் ஓய்வுபெற்ற ரேடியோ ரிப்பேர்காரர் ஒருவர் இருக்கிறார். குடியிருப்பு முழுக்க அவரைத் தங்கம் என்றுதான் கூப்பிடுவார்கள், அப்படிப்பட்ட மனுஷர். அவர் குளியலறையில் ஓர் ஆமை வளர்க்கிறார். ஓடுகிற தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும் என்று குழாயை நூல் மாதிரித் திறந்தே வைத்திருக்கிறார். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். அதில் ஒரு திருத்தம்: ஆமை புகுந்த வீடு நன்றாகத்தான் இருக்கிறது, உருப்படாமல் போவது அதற்குக் கீழ் வீடு. எங்கள் கூரையில் முதலில் தட்டு அளவு ஈரம் வந்தது, அப்புறம் தாம்பாள அளவு, அப்புறம் சொட்டு. சொட்டு விழுகிற இடம், தங்கள் தங்கை தையல் மிஷின் போட்டிருக்கிற மூலை.

"மேல போய்ச் சொல்லுங்க" என்றாள். போனேன். அவர் கதவைத் திறந்ததும், "வாங்க சார், இப்பத்தான் டீ கொதிக்குது" என்றார். டீ வாசனைக்கு முன்னால் எந்தப் புகார் நிற்கும்? அவரோடு பேசிவிட்டு, ரேடியோ தொழிலில் வழங்குகிற அருமையான நாலு சொற்களோடு இறங்கி வந்தேன். மறுபடி போகச் சொன்னாள், மறுபடியும் டீ. ஆமையை என் மடியில் வைத்தார். அது என்னை ஏறிட்டுப் பார்த்தது. எங்கள் இருவருக்கும் ஒரே சுபாவம் என்று அதற்கும் தெரிந்திருக்கும்.

அப்புறம்தான் அந்தக் கோட்டு. ஒரு பெண்ணுக்கு முதல் வேலைக்கான நேர்காணல். அதற்காக ஒரு கோட்டுத் தைக்கச் சொல்லியிருந்தாள். தங்கள் தங்கை அதற்கு உள்துணியைக் கையாலேயே வைத்துத் தைத்தாள். காலர் சரியாக விழவில்லை என்று பிரித்து, மறுபடி பிரித்து, வாயில் குண்டூசியோடு என்னிடம் பதில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். முடித்து ஆணியில் மாட்டினாள். காலையில் பார்த்தால் தோளிலிருந்து கீழ் மடிப்பு வரைக்கும் காவி நிறத்தில் ஒரு கோடு. கூரை தன் கையெழுத்தைப் போட்டிருந்தது. அதைத் துடைக்க, காயவைக்க, இவள் படாத பாடு பட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் வந்துவிட்டாள். நேர்காணல் அன்றைக்குத்தான். கோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். யாரும் பேசாத இடத்தில் என்னால் இருக்க முடியாது என்பது தங்களுக்குத் தெரிந்ததுதானே. "கவலைப்படாதீங்கம்மா, கறை இருந்தா அனுபவம் உள்ளவங்கன்னு நினைச்சுப்பாங்க" என்றேன். அந்தப் பெண் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, தங்கள் தங்கையைப் பார்த்து, "பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கதவைச் சாத்தினாள் தங்கள் தங்கை. கத்துவாள் என்று நினைத்தேன். மிஷினில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மெதுவாக, நானே காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்த குரலில் சொன்னாள். "எத்தனை தடவை சொன்னேன். போறீங்க, டீ குடிக்கிறீங்க, சிரிச்சுட்டு வர்றீங்க. எனக்கு வர்ற ஆத்திரத்துல கத்தக்கூட முடியல. அழுகைதான் வருது."

மச்சான், தாங்கள் தொழில் தெரிந்தவர். பழக்கப்பட்ட கால் எதை மிதிக்கும் என்பது தங்களுக்குப் புரியும். எதிரே பள்ளம் வந்தால் தங்கள் கால் தங்களைக் கேட்காமலே பிரேக்குக்குப் போகிறதல்லவா? எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து பேசும்போதுகூடத் தங்கள் வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருக்கும், நான் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி என் கை என்னைக் கேட்காமலே சட்டைப்பைக்குப் போய்விட்டது. அட்டையை எடுத்தேன். அகராதிக்காரன் ஒருவனைத் தவிர உலகத்தில் வேறு எந்தப் புருஷனும் இதைச் செய்திருக்க மாட்டான். "ஒரு நிமிஷம். கத்தக்கூட முடியலன்னு சொன்னியா, கத்தவே முடியலன்னு சொன்னியா?" என்று கேட்டேன்.

அவள் மிஷினிலிருந்து கையை எடுத்தாள். அப்புறம், பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதச் சொல்வது போல, நிறுத்தி நிறுத்தி, முழு வாக்கியத்தையும் மறுபடி சொன்னாள். நான் எழுதினேன்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"புள்ளி வச்சீங்களா?"

"வச்சேன்."

"சரி" என்றாள். பையை எடுத்துக்கொண்டு தங்கள் ஊர் பஸ் ஏறிவிட்டாள். மிஷின் கனம், தூக்க முடியாது. அதனால் அது மட்டும் இங்கே இருக்கிறது.

மறுநாள் அட்டையை முற்றுப்புள்ளி அம்மாவிடம் கொடுத்தேன். படித்தார், மறுபடியும் படித்தார். "இது நாலாவது பொருள். எந்த அகராதியிலயும் இல்லை. வெளியே போக வழி கிடைக்காத கோபம்" என்றார். எனக்குச் சம்பள உயர்வே வந்த மாதிரி இருந்தது. "யார் சொன்னது?" என்றார். என் மனைவி என்றேன். "யார்கிட்ட?" என்னிடம் என்றேன். "சொன்னதும் நீங்க என்ன பண்ணினீங்க?" எழுதினேன் என்றேன். அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "கேட்டவர் என்ன செய்தார்னு அட்டையில ஒரு கட்டம் இல்லை. இருந்திருந்தா இந்த ஆபீஸ்ல பாதிப் பேர் வேலையை விட்டிருப்பாங்க" என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ரெண்டாவது வாய் எங்கே?" என்று கேட்டார்.

இதுதான் மச்சான், தங்களுக்கு இந்தக் கடிதம் எழுதக் காரணம். ஒரே வாய்தான் இருக்கிறது. இரண்டாவது கிடைக்காவிட்டால் தங்கள் தங்கை சொன்னது அச்சேறாது. அவளுடைய சொந்தக் கஷ்டம் என்று அட்டையோடு கட்டிப் போட்டுவிடுவார்கள். நான் தேடாத இடமில்லை. எல்லாரும் நன்றாகக் கத்துகிறார்கள். கத்த முடிந்தால் அது வெறும் கோபம். தங்களிடம் இருப்பது அதுதான். ஹாரன் மாதிரி வரும், கையை எடுத்தால் போய்விடும், அடுத்த தெருவில் தாங்களே மாணவனுக்கு டீ வாங்கிக் கொடுப்பீர்கள். ஆத்திரம் வேறு. ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் ஒரே நேரத்தில் மிதித்தால் வண்டி நகராது, ஆனால் எஞ்சின் உள்ளுக்குள்ளே வெந்துகொண்டிருக்கும் என்று தாங்கள் எனக்குச் சொல்லித் தந்தீர்கள் (நான் தேறவில்லை என்பது வேறு விஷயம்). அதுதான் நாலாவது பொருள். தங்கள் பள்ளியில் அழுகிறவர்கள் அதிகம் என்பதால் கேட்கிறேன்: யாராவது தங்கள் பக்கத்து சீட்டில், ஆத்திரத்தில் அழுகை வருகிறது என்று சொன்னால், அப்படியே, ஓர் எழுத்து மாறாமல் எழுதி அனுப்பவும். வெற்று அட்டைகள் இணைத்திருக்கிறேன்.

இன்னொன்று. அச்சுக்குப் போவதற்கு முன் மெய்ப்புத் திருத்தும் வேலை வருகிறது. வீட்டில் வேளைக்கு ஒன்றும் ஆவதில்லை. எனவே அதற்குள் தங்கள் தங்கையை அனுப்பிவைத்தால் வசதியாக இருக்கும். கூரையைப் பற்றி அவள் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லவும். சொட்டுக்கு அடியில் வாளி வைத்திருக்கிறேன். மிஷினைக் கொஞ்சம் நகர்த்தி, மேலே என் மழைக்கோட்டைப் போர்த்தியிருக்கிறேன். மேல் வீட்டுக்காரரிடம் நான் சண்டைக்குப் போகப்போவதில்லை; அவர் தங்கமான மனுஷர், எனக்கும் கோபம் வராது, அது என் பிறவிக் குணம். நான் மிகவும் பொறுமையாக இருக்கிறேன். அவளையும் பொறுமையாக இருக்கச் சொல்லவும்.

தங்கள் முழங்கால் வலி நீங்கி, இரண்டு வண்டியிலும் பிரேக் பிடித்து, தங்களிடம் படிக்கும் எல்லாரும் ஒரே தடவையில் தேறி, தாங்கள் நெடுங்காலம் உரத்த குரலோடு வாழ வேண்டும் என்று விரும்பும்,

தங்கள் அன்பு மாப்பிள்ளை.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடவும்.

உறையில் போடுவதற்கு முன் பிழை பார்க்க ஒரு தடவை வாசித்தேன். தொழில் பழக்கம். தங்கள் முழங்காலைக் கேட்டிருக்கிறேன். கிளட்ச்சைக் கேட்டிருக்கிறேன். பூனையைக்கூடக் கேட்டிருக்கிறேன். அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. இத்தனை பக்கத்தில் ஒரு வரி. மறுபடி தேடினேன், இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தபோது, டக் டக் என்று ஒரு சத்தம். வாளிச் சத்தம் எனக்குப் பழக்கம், இது அதில்லை. சொட்டு எப்போதோ இடம் மாறியிருந்தது. மழைக்கோட்டைத் தூக்கிப் பார்த்தேன். கழுத்துப் பக்கம் வழியாக இறங்கி, மிஷின் சக்கரத்தில், அவள் கை வைத்துச் சுற்றித் தேய்ந்து பளபளவென்று இருக்குமே, சரியாக அந்த இடத்தில், துரு பிடித்திருந்தது. புதுத் துரு இல்லை. பல நாளாகவே இறங்கியிருக்கிறது. நான் போர்த்திவிட்டுப் போய்விட்டேன், தூக்கிப் பார்க்கவில்லை.

அப்புறம் நடந்தது எனக்கு முழுசாத் தெரியலை மச்சான். மாடிப்படி ஏறினது ஞாபகம் இருக்கு. அவர் கதவைத் திறந்து, "வாங்க சார், டீ..." என்றது வரைக்கும் ஞாபகம் இருக்கு. நான் பேசியிருக்கேன். என்ன சொன்னேன்னு ஒரு சொல்கூட நினைவில்லை. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கிட்டது மட்டும் கண்ணில் நிற்குது. அவர் போய்க் குழாயை மூடினார். மூடுற சத்தம் கேட்டது. எவ்வளவு சின்னச் சத்தம்! திரும்பி வந்து, "ஐயோ, அழாதீங்க சார்" என்றார். முகத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. இவர் வீட்டுக் கூரையும் ஒழுகுதா என்று அண்ணாந்து பார்த்தேன். ஒழுகவில்லை.

அட்டை சட்டைப்பையில்தான் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. ஆகவே இரண்டாவது வாய் தேவையில்லை, வெற்று அட்டைகளைப் பூனை படுத்துக்கொள்ளப் போடவும். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்: கேட்டேன், எழுதவில்லை என்று.

இதை வீட்டிலிருந்து எழுதவில்லை. தங்கள் பள்ளி வாசல் பெஞ்சிலிருந்து எழுதுகிறேன். பக்கத்தில் மிஷின் இருக்கிறது, மேஜையை விட்டுவிட்டுத் தலையை மட்டும் கழற்றி, துருவைத் துடைத்து, மழைக்கோட்டில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "குழந்தை தூங்குதா?" என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவளைக் கூட்டிப்போக வரவில்லை. அவள் எங்கே இருந்தாலும் தைக்கட்டும் என்று கொண்டுவந்தேன். திரும்பி வருவதும் வராததும் அவள் இஷ்டம்.

கதவைத் தாங்கள் திறக்க வேண்டாம். பள்ளிக்கு மேலே தங்கள் வீட்டு ஜன்னலில் அவள் துணி உலர்த்துவது இங்கிருந்தே தெரிகிறது. இன்னும் கீழே பார்க்கவில்லை. பார்த்தால் அவளே வரட்டும். அவள் மிச்சத்தையும் சொல்லட்டும். அன்றைக்குப் பாதியில்தான் நிறுத்தினாள். நான் குறுக்கே பேச மாட்டேன், சிரிக்க மாட்டேன், எந்தச் சொல் என்று கேட்க மாட்டேன். பேனா வைத்துக்கொண்டிருந்தால் என் கையை நம்ப முடியாது. இந்த வரியோடு அதையும் உறைக்குள் போட்டு, கதவிடுக்கு வழியாகத் தள்ளிவிடுகிறேன், மச்சான். பத்திரமாக வைத்திருங்கள்.